முத்துப்பிள்ளை: குழந்தை இல்லாத கர்ப்பம்

ஓசூருக்குத் தெற்கே தளி, அஞ்செட்டி என்று மலையும் காடும் சூழ்ந்த ஊர்கள் உள்ளன. அங்கிருந்து 17 வயதுப் பெண் ஒருத்தி ஓசூர் மருத்துவமனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நாள் தள்ளி மூன்று மாதம் ஆகிறது. ஆனால் வயிறோ ஐந்து மாதம் போல உயர்ந்திருக்கிறது. ஓயாத வாந்தி, இடையிடையே இரத்தப்போக்கு. ‘காத்துக் கருப்பு பட்டிருக்கும்’ என்று ஊரில் கையில் கயிறு கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார். குழந்தையைக் காணோம்! வேகவைத்த ஜவ்வரிசியைப் போல, திராட்சைக் குலையைப் போல, நீர் நிறைந்த கொப்புளங்களே கருப்பை முழுவதும் நிறைந்திருக்கின்றன. முத்து முத்தாக இருப்பதால் தமிழில் இதற்கு ‘முத்துப்பிள்ளைக் கர்ப்பம்’ என்று பெயர்.

இது எப்படி நேர்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாயின் சினைமுட்டையில் 23 குரோமோசோம்கள். தந்தையின் விந்தணுவில் 23. இரண்டும் சேர்ந்தால் 46. இதுவே இயல்பான கரு. சில வேளைகளில் சினைமுட்டை தன் குரோமோசோம்களை இழந்து வெறுமையாகிவிடுகிறது. அதனுள் நுழைந்த விந்தணுவின் 23 குரோமோசோம்கள் தம்மைத்தாமே இரட்டித்துக்கொள்கின்றன. அப்போதும் கூட்டுத்தொகை 46தான். ஆனால் அத்தனையும் தந்தை வழி வந்தவை! ஜப்பானிய விஞ்ஞானி கஜீயும் அவருடன் பணியாற்றியவரும் 1977-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். இது முழு முத்துப்பிள்ளை. சில சமயம் வெறும் முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தும் இது உண்டாகும். நல்ல முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் மொத்தம் 69 ஆகிவிடும். அது பகுதி முத்துப்பிள்ளை.

குழந்தை வளர தாய், தந்தை இருவரின் மரபணுக்களும் வேண்டும். தந்தை வழி மரபணுக்கள் மட்டும் இருந்தால் குழந்தை உருவாவதில்லை; நஞ்சுக்கொடியாக வேண்டிய திசுவே கட்டுக்கடங்காமல் வளர்கிறது. ஆகவே அந்தப் பெண் எதைத் தின்றாள், எங்கே போனாள் என்று பழிப்பதில் பொருளே இல்லை. கரு உண்டாகும் அந்தக் கணத்திலேயே நேர்ந்துவிட்ட பிழை இது.

அவளுக்கு ஏன் அத்தனை வாந்தி? நஞ்சுக்கொடித் திசு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் பெயர் எச்.சி.ஜி. கர்ப்பம் உண்டா என்று சிறுநீரில் சோதிக்கிறார்களே, அந்தச் சோதனை தேடுவது இதைத்தான். முத்துப்பிள்ளையில் இது மிக அதிகமாகச் சுரக்கும். அதனால் கடுமையான வாந்தி. தைராய்டு சுரப்பியைக்கூட இது தூண்டிவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இரத்த அழுத்தமும் உயரலாம்.

இருபது வயதை எட்டாதவர்களுக்கும், நாற்பதைக் கடந்தவர்களுக்கும் முத்துப்பிள்ளை உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இளம்பெண்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு என்பார்கள். ஆனாலும் மொத்தத்தில் இது அரிதான நோயே.

சிகிச்சை என்ன? மயக்க மருந்து கொடுத்து, உறிஞ்சு கருவி கொண்டு கருப்பையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். சில நாட்களில் பெண் எழுந்து நடமாடுவாள். ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய காலம் இப்போதுதான் தொடங்குகிறது!

முழு முத்துப்பிள்ளை கண்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய திசு மறுபடி வளரத் தொடங்கும். சிலருக்கு அது நுரையீரல்வரை பரவும், புற்றுநோயாகவும் மாறலாம். இதைக் காட்டிக்கொடுப்பதும் அதே ஹார்மோன்தான். அளவு குறைந்துகொண்டே வந்தால் நல்லது. அப்படியே நின்றாலோ, ஏறினாலோ ஆபத்து. ஆகவே இயல்பு நிலை வரும்வரை வாரம் ஒரு முறையும், பிறகு மருத்துவர் சொல்லும் காலம்வரை மாதம் ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். இந்த இடைவெளியில் மறுபடி கருவுறக் கூடாது. ஏன் தெரியுமா? புதிய கர்ப்பமும் அதே ஹார்மோனைச் சுரக்கும். ஏறியது நோயாலா, கருவாலா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

நோய் மிஞ்சியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். அதற்கு மருந்து உண்டு. அந்த மருந்தின் வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் தலைமை ஏற்றிருந்தபோது, 1940-களில் அவருடைய குழுவினர் உருவாக்கியதே மெத்தோட்ரெக்சேட். வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் பயன்படாதபடி இது தடுத்துவிடுகிறது. சுப்பாராவ் 1948-இல் காலமானார். அமெரிக்காவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் முதலியோர் இதே மருந்தால் நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் புற்றுநோயைக் குணப்படுத்தியதை 1956-இல் வெளியிட்டார்கள்.

லீ ஒன்றைக் கவனித்தார். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்த பின்னும் சிறுநீரில் ஹார்மோன் தென்பட்டது. அப்படியானால் நோய் இன்னும் இருக்கிறது என்று முடிவு செய்து, அது மறையும்வரை மருந்தைத் தொடர்ந்தார். மேலிடத்தார் இதை ஏற்கவில்லை. அவர் அந்த நிறுவனத்தை விட்டே வெளியேற நேர்ந்தது. ஆனால் அவர் கணக்கே சரி என்று பின்னர் தெளிவாயிற்று. 1972-இல் லஸ்கர் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். கண்ணுக்குத் தெரியும் நலத்தைவிட, தாளில் எழுதிய எண்ணையே நம்பவேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அந்தப் பாடம் நம் மலைக்கிராமப் பெண்ணுக்கும் பொருந்தும். வாராவாரம் ஓசூர் வரப் பேருந்துச் செலவு உண்டு; ஒரு நாள் கூலி போகும். சிப்காட் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் விடுப்புக் கேட்கத் தயங்குவாள். குடும்பம் எல்லை தாண்டிப் பெங்களூருக்குப் பிழைக்கப் போகலாம். எங்கே போனாலும் பரிசோதனை எண்கள் எழுதிய சீட்டு அவள் கையில் இருக்கவேண்டும். அதைக் காட்டினால் புது ஊர் மருத்துவரும் தொடர்ந்து கவனிக்க முடியும். ஒழுங்காகக் கவனித்தால் பெரும்பாலோர் பூரண குணம் அடைவார்கள். முத்துப்பிள்ளை மறுபடி வருவது நூற்றுக்கு ஓரிருவருக்கே. பிற்காலத்தில் நல்ல குழந்தை பிறக்கும்.

மாணவர்களே! 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று நடக்க இருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஏற்கெனவே துன்பத்தில் இருக்கும் தோழியிடம் கயிற்றையும் திருநீற்றையும் பற்றி வாதாட வேண்டாம். ‘அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு?’ என்று மட்டும் கேளுங்கள்.