உங்களுக்குத் தெரியுமா? மெகாவாட் மட்டும் போதாது!

மைசூரு சமஸ்தானத்தில், காவிரி பாயும் சிவனசமுத்திரத்தில் 1902-ல் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. இன்று கர்நாடகத்தில் நீர், காற்று, வெயில், அணு என பலவகை மின்நிலையங்களும் உண்டு. இவற்றை எப்படி ஒப்பிடுவது?

பாவகடா சூரிய மின் பூங்காவின் நிறுவுதிறன் 2,050 மெகாவாட். கைகா அணுமின் நிலையத்துக்கோ 880-தான். ஆனால் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க முழுத்திறனில் நிற்காமல் ஓடினால்தான் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். இரவில் ஓய்ந்து, மேகமூட்டத்தில் தளரும் சூரியத் தகடுகள் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே எட்டும். கைகாவின் முதல் உலையோ 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் இடைவிடாமல் ஓடியது!

அடுத்தமுறை 'இத்தனை மெகாவாட்' என்று செய்தி வந்தால், 'ஆண்டுக்கு எத்தனை யூனிட்?' என்றும் கேளுங்கள்.