அறுபது வயதில் சைக்கிள்: காலுக்கு எத்தனை வாட்?

நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம் போகும் சாலையில் விடியற்காலையில் சைக்கிள் மிதிப்பது சுகமான காரியம். ஒரு பக்கம் கொல்லிமலை, ஒரு பக்கம் போதமலை. ஆனால் அறுபதைத் தாண்டியவர் தேகப் பயிற்சிக்காக மிதிக்கும்போது ஒரு கேள்வி எழும். எவ்வளவு அழுத்தி மிதிக்கலாம்?

வேகத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. எதிர்காற்று அடித்தால் வேகம் குறையும், உழைப்போ குறையாது. நாடித் துடிப்பையும் முழுக்க நம்ப முடியாது. வெயில் ஏறினால் அதே உழைப்புக்கே நாடி கூடுதலாகத் துடிக்கும். சில ரத்த அழுத்த மருந்துகள் துடிப்பை அடக்கி வைத்துவிடும்.

பழைய குண்டு பல்பில் 60 வாட் என்று போட்டிருக்குமல்லவா? கால் தரும் சக்தியையும் அதே வாட் கணக்கில் அளக்கலாம். பெடலிலோ அதன் தண்டிலோ பொருத்தும் சிறு கருவி, அழுத்தத்தையும் சுழலும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். ஜெர்மனியின் உல்ரிக் ஷோபரர் 1986-ல் இத்தகைய கருவியை உருவாக்கினார்.

இருபது நிமிஷச் சோதனை

முதலில் டாக்டரிடம் இருதயத்தைக் காட்டி அனுமதி பெறவேண்டும். பிறகு கால் மணி நேரம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த 20 நிமிஷம், கடைசி வரை தாங்கக்கூடிய அளவில் ஒரே சீராக அழுத்துங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

சராசரி 126 வாட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் இருபதில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 120. இதுவே உங்கள் எல்லை. அமெரிக்க உடலியல் நிபுணர் ஆண்ட்ரூ காகன் வகுத்த முறைப்படி, 66 வரை ஓய்வு மிதி; 90 வரை நெடுநேர மிதி; 108 வரை நடுத்தரம்; 126 வரை எல்லை மிதி; 144 வரை கடும் மிதி. அதற்கும் மேலே உள்ள இரண்டு படிகள் சில நிமிஷ, சில விநாடிப் பாய்ச்சலுக்கு உரியவை.

இருபது வயதில் கரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியிருக்கலாம். அந்தக் கணக்கு இப்போது செல்லாது. இன்றைய காலுக்கு இன்றைய எண்தான். அதையும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதித்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நூறு வயது வீரர்

எண் குறைந்துகொண்டேதான் போகுமா? பிரான்ஸ் தேசத்து ராபர்ட் மார்ஷான் 1911-ல் பிறந்தவர். 2012-ல், 100 வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். 2014-ல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர்! ஆராய்ச்சியாளர் வெரோனிக் பில்லாட் குழுவினர் அவரைச் சோதித்தபோது, 101 வயதில் 90 வாட்டாக இருந்த உச்ச சக்தி 103 வயதில் 125 வாட்டாக உயர்ந்திருந்தது.

அவர் எப்படிப் பழகினார்? நூற்றுக்கு எண்பது பங்கு இலேசான மிதி. இருபது பங்கு மட்டுமே கடினம். 2021-ல், 109 வயதில் காலமானார்.

கருவியின் விலை அதிகம். வாங்க இயலாதவர் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேச முடிந்தால் அது இலேசான மிதி. இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் அது கடினம். வாரத்தில் ஐந்து நாள் மிதிப்பவர் நான்கு நாள் பேசிக்கொண்டே போகட்டும். ஒரு நாள் அழுத்தட்டும்.