விசாரணைக்கு வராதவர் காணி இல்லாதவரா?

2025 மார்ச் 28 ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான அந்த அறிவித்தல், வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணியைக் குறித்தது. உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். இதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்துக் காணி. வடமராட்சி கிழக்கின் கரையோர மக்களே முதலில் கலங்கினார்கள்.

எதிர்ப்பு எழுந்தது. மீளப்பெறுவதாக அரசாங்கம் அறிவித்தது. உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு யூனில் இடைக்காலத் தடை விதித்தது. அத்துடன் மூச்சு விட்டோம். ஆனால் அந்த அறிவித்தலின் உள்ளே இருந்த எண்ணத்தை நாம் மறந்துவிடலாகாது. பேசாதிருப்பவருக்கு உரிமை இல்லை என்பதே அந்த எண்ணம்.

பேசாதிருப்பவர் யார்? 1990 இலும் 1991 இலும் இராணுவ நடவடிக்கைகளின்போது தீவுப்பகுதியை விட்டு ஓடியவர்கள் இன்று வன்னியில், தமிழ்நாட்டு முகாமில், கனடாவில் இருக்கிறார்கள். உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட எல்லோருக்கும் நேரம் வாய்க்கவில்லை. வர்த்தமானி வாசிக்கும் பழக்கம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு? மூன்று மாதம் என்பது கொழும்பில் ஒரு கணக்கு, மண்டபம் முகாமில் இன்னொரு கணக்கு.

கரையோரச் சட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, உயர் நீர்மட்ட எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். எங்கள் தீவுகளின் ஒடுங்கிய பகுதிகளில் அது தோட்டத்தையும் வளவையும் தொட்டுவிடும். மரம் நடுவதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் கட்டடம் கட்டவும், மண் அகற்றவும், பள்ளம் நிரப்பவும் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படலாம். மறுத்தால் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். மறுத்தவரும் மேன்முறையீட்டைக் கேட்பவரும் ஒரே அமைச்சின் கூரைக்குக் கீழ் இருப்பது சரிதானா?

பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். கருத்துச் சொன்னவரை நேரில் அழைத்துக் கேட்பதோ, தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது. நெடுந்தீவிலிருந்து அந்த அறிக்கையைப் பார்க்கப் புறப்படுபவர் குறிகட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைய நாள் போச்சு.

நல்ல முன்னுதாரணமும் உண்டு. தென்பகுதி அதிவேக நெடுஞ்சாலையின் பாதை மாற்றப்பட்டபோது, காணிக்காரரைக் கேளாமலே அதற்கு அங்கீகாரம் கொடுக்கப்பட்டது. 2004 இல் உச்ச நீதிமன்றம், அவர்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று கூறி நட்டஈடு வழங்கப் பணித்தது. அவ்வளவு பெரிய திட்டத்துக்கே பொருந்திய நியாயம் அல்லைப்பிட்டிக்கும் பொருந்தும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது சலுகையல்ல, முறை. விசாரணை நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நடக்க வேண்டும். அறிவித்தல் கோயிலிலும் தேவாலயத்திலும் சங்கக் கடையிலும் ஒட்டப்பட வேண்டும், இந்திய முகாம்களுக்கும் போக வேண்டும். முடிவு, காரணத்துடன் தமிழில் எழுத்தில் வர வேண்டும். உறுதி தொலைந்தவரின் கிணறும் பனையும் அயலவர் வாக்குமூலமும் சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். மேன்முறையீட்டைக் கேட்பவர் திணைக்களத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

இதற்கிடையில் செய்யக்கூடிய ஒன்றுண்டு. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பவை தெரிந்தால் தேடிப் பிரதி எடுக்கலாம். அதுவும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். அதன் நான்கு எல்லைகளில் ஒன்றில் உங்கள் பேரனாரின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம்.