சுவிட்சைத் தட்டினால் இறங்கும் இறக்கைப் பலகை!

ஆகாய விமானத்தை வீட்டிலேயே கட்ட முடியுமா? முடியும்! கட்டிப் பறந்தும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆசை சென்னைக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானம் செய்தார். 1910-ம் ஆண்டில் அதைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

நம் காலத்திலும் ஒருவர் உண்டு. கேரளத்தில் ஆலப்புழையைச் சேர்ந்த என்ஜினீயர் அசோக் தாமராக்ஷன், இங்கிலாந்தில் குடியேறியவர். கொரோனா பரவிய 2020-ம் ஆண்டில், தென் ஆப்பிரிக்காவின் ஸ்லிங் கம்பெனியிடம் பாகங்களை வாங்கி, நாலு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டத் தொடங்கினார். 2022-ல் அது வானில் ஏறியது. அதற்கு இளைய மகளின் பெயரைச் சூட்டி, மனைவி மக்களோடு பறந்தார்.

பாகங்கள் பெட்டியில் வந்துவிடும். அவற்றைச் சரியாகப் பொருத்துவது கட்டுபவரின் பொறுப்பு. சொந்தக் குடும்பமே ஏறப்போகிறது அல்லவா? அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதை அறிய, 'பிளாப்' என்ற ஒரு பாகத்தைப் பார்த்தால் போதும்.

பிளாப் என்றால் என்ன?

இறக்கையின் பின் ஓரத்தில் கீல் வைத்த பலகைதான் பிளாப். இதைக் கீழே இறக்கினால் குறைந்த வேகத்திலும் இறக்கை விமானத்தைத் தாங்கும். விமானம் மெதுவாகத் தரை இறங்கலாம். குறைந்த ஓடுபாதை போதும்.

சில சிறு விமானங்களில், காரின் கை பிரேக் போன்ற கைப்பிடியை இழுத்து இதை இறக்குவார்கள். வேறு சிலவற்றில் மின்சார மோட்டார் உண்டு. விமானி சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் ஒரு நீண்ட திருகைச் சுழற்றும். கார் ஜாக்கியைப் போல அது நீண்டு பலகையைத் தள்ளும். கரண்ட் நின்றாலும் பலகை இருந்த இடத்திலேயே நிற்கும்.

எங்கே ஆபத்து?

ஒரு பக்கப் பலகை மட்டும் இறங்கினால் விமானம் பக்கவாட்டில் உருண்டுவிடும்! ஆகவே இரண்டு பலகைகளையும் ஒரே குழாயில் இணைத்து, அந்தக் குழாயை மட்டும் மோட்டார் திருப்பும்படி அமைப்பார்கள். இறங்கினால் இரண்டும் இறங்கும். நின்றால் இரண்டும் நிற்கும்.

பலகை கடைசி எல்லையை எட்டியதும் கரண்டை நிறுத்த 'லிமிட் சுவிட்ச்' வைப்பது வழக்கம். மணலி புதுநகரிலிருந்து எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய பொருள். கிரேனின் கொக்கி அளவுக்கு மேல் ஏறாமல் தடுப்பதும் இதே சுவிட்சுதான். மோட்டார் சிக்கிக்கொண்டால் கம்பி சூடேறித் தீப்பிடிக்காமலிருக்க, தனியாக பியூஸும் உண்டு.

வேகமாகப் பறக்கும்போது பிளாப்பை இறக்கக் கூடாது. காற்றின் அழுத்தம் அதை முறித்துவிடலாம். அதற்கான வேக எல்லையை வேகமானியில் வெள்ளை வளைவு காட்டும். தரைக்கு அருகே சட்டென்று பிளாப்பை மேலே மடக்குவதும் தவறு. விமானம் திடீரென்று தாழ்ந்துவிடும். அதனால்தான் கை தவறிப் படாத இடத்தில் சுவிட்சைப் பொருத்துகிறார்கள்.

தரையிலேயே சோதனை

விமானம் வானில் ஏறுமுன் பிளாப்பைத் தரையிலேயே பலமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இரு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று அளக்க வேண்டும். கம்பி எங்கும் உராயக் கூடாது. ஒவ்வொரு திருகாணியும் இறுகியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வானில் மோட்டார் நின்றுபோனால் என்ன செய்வது? பயம் வேண்டாம். பிளாப் இல்லாமலும் இறங்கலாம். வேகம் சற்றுக் கூடும், நீளமான ஓடுபாதை வேண்டும். அதையும் விமானி முன்கூட்டியே பழகிக்கொள்கிறார்.

பழுதே வராத மோட்டார் உலகில் இல்லை. பழுது வந்தாலும் உள்ளே இருப்பவர்கள் பத்திரமாகத் தரை சேர வேண்டும். வீட்டில் விமானம் கட்டுபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்!