நால்வர் ஆட்டம் ஒருவர் கையில்

ஆட்டம் என்றால் எதிராளி வேண்டும். தாயம் உருட்ட ஆள் சேராவிட்டால் சோழிகளை எடுத்து வைத்துவிட்டுப் போகவேண்டியதுதான். அப்படியிருக்க, நால்வர் கூடி ஆடுவதற்கென்றே பிறந்த ஒரு விளையாட்டை ஒருவரின் உள்ளங்கைக்குள் அடக்க முயன்றார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அதைப் பற்றியே எழுதப் புகுகிறேன்.

ஜப்பானின் சப்போரோ நகரில் 1973-இல் தோன்றியது ஹட்சன் சாஃப்ட் நிறுவனம். (2012-இல் அது கொனாமியுடன் இணைந்து மறைந்தது.) நிண்டெண்டோவுக்காக 1998-இல் அது உருவாக்கியதே ‘மாரியோ பார்ட்டி’. தொலைக்காட்சித் திரையில் ஒரு பலகை. நால்வரும் முறைவைத்துப் பகடை போட்டுக் கட்டங்களில் நகர்வர். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு சிற்றாட்டம். நால்வரும் தனித்தனியே மோதலாம், இருவருக்கு இருவர் ஆகலாம், ஒருவரை மூவர் எதிர்க்கலாம். வென்றால் நாணயம். இருபது நாணயம் சேர்ந்தால் ஒரு நட்சத்திரம் வாங்கலாம். ஐம்பது நாணயம் கொடுத்தாலோ, ஒரு பேய் போய் அடுத்தவர் நட்சத்திரத்தையே திருடிக்கொண்டு வரும்! இறுதியில் போனஸ் நட்சத்திரங்கள் வேறு. வென்றுவிட்டோம் என்று மீசை முறுக்கியவர் அங்கேதான் கவிழ்வார். பறிகொடுத்தவரின் கூச்சலே இந்த ஆட்டத்தின் உயிர் என்பேன்.

2005-இல் இது ‘மாரியோ பார்ட்டி அட்வான்ஸ்’ என்ற பெயரில் கேம்பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்தது. அதன் திரை அகலத்தில் 240 புள்ளி, உயரத்தில் 160 புள்ளி. நான்கு தலைகள் அதற்குள் எட்டிப்பார்க்க இயலுமா? எனவே அமைப்பாளர்கள் துணிந்து ஆட்டத்தையே மாற்றினார்கள். பலர் ஆடும் பகுதிகள் ஓரமாக உண்டு. முதன்மை ஆட்டமோ ஒருவருக்கே. ஷ்ரூம் சிட்டி என்னும் ஊரில் அவர் அலைந்து, ஊராரின் சிக்கல்களைத் தீர்க்கவேண்டும்.

எதிராளி இல்லையென்றால் தோல்வி எங்கிருந்து வரும்? இங்கேதான் அவர்களின் திறமை. கையில் சில காளான்கள் தரப்படும். பகடை போடும்தோறும் ஒரு காளான் செலவு. சிற்றாட்டத்தில் வென்றால் காளான் சேரும். தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. முன்பு அடுத்தவர் செய்த கெடுதலை இப்போது கணக்கு செய்கிறது.

அண்ணன் வேலைக்காக வெளியூர் போனபோது தன் பழைய கருவியை என்னிடம் விட்டுச் சென்றார். அதில்தான் இதை ஆடினேன். குறை சொல்லமாட்டேன்; இரவு வெகுநேரம் விழிக்க வைத்தது. ஆனால் கடைசிக் காளான் தீர்ந்த வேளையில், சிரிக்கவோ ஏசவோ பக்கத்தில் ஒருவரும் இல்லை. அண்ணனாயிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பார்.

இக்குறையை அமைப்பாளர்களும் உணர்ந்திருக்க வேண்டும். 2007-இல் வந்த ‘மாரியோ பார்ட்டி டிஎஸ்’ஸில் நால்வர் ஆட்டம் திரும்பியது. இரண்டு திரை, கீழ்த்திரையில் எழுத்தாணியால் தீட்டலாம், ஒலிவாங்கியில் ஊதியும் ஆடலாம். ஆட்ட அட்டை ஒருவரிடம் இருந்தால் போதும். மற்ற மூவரின் கருவிகள் கம்பியில்லாமல் அதனிடம் ஆட்டத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். கருவியை அணைத்ததும் கடன் வாங்கியது மறைந்துவிடும். ஆனால் நான்கு கருவிகள் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒன்று, அதுவும் பழையது.