யார் மீதும் ஈர்ப்பு வராதவர்கள்

கனடாவின் பிராக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோணி போகார்ட், பிரிட்டனில் முன்பே எடுக்கப்பட்டிருந்த ஒரு தேசியக் கணக்கெடுப்பை அலசி, 2004-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 18,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற அந்தக் கணக்கெடுப்பில், யார் மீதும் ஒருபோதும் பாலியல் ஈர்ப்பு வந்ததே இல்லை என்று சொன்னவர்கள் ஏறத்தாழ ஒரு சதவீதம். 1948-லேயே ஆல்ஃபிரட் கின்சி இத்தகையோருக்கு 'எக்ஸ்' என்று தனிக்குறி இட்டிருந்தார். ஆனாலும் பல பத்தாண்டுகள் ஆய்வுலகம் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

இவர்களை இன்று ஏசெக்சுவல் என்கிறோம்.

பிரம்மச்சரியத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். துறவி ஆசையை அடக்குகிறார். இவர்களுக்கு அடக்குவதற்கு ஒன்றுமில்லை. 'உடம்பில் ஏதோ கோளாறு' என்பது அடுத்த சந்தேகம். ஏசெக்சுவல் பெண்களை ஆராய்ந்த கனடா உளவியலாளர் லோரி பிராட்டோவின் குழு, அவர்களின் உடல் மற்ற பெண்களின் உடலைப் போலவே பாலியல் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவதை 2011-ல் பதிவு செய்தது. உடல் இயங்குகிறது, மனம் இன்னொருவரை அந்த வகையில் நாடவில்லை, அவ்வளவே. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் 2013-ல் வந்த தன் கையேட்டில், தன்னை ஏசெக்சுவல் என்று உணர்பவருக்கு ஆசைக் குறைபாட்டு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது எனத் தெளிவுபடுத்தியது.

அன்பு இருக்காது என்பதுதான் மிகக் கொடுமையான தவறு. ஏசெக்சுவல்களில் காதலிப்பவர்கள் உண்டு. காதலே வேண்டாம் என்பவர்களும் உண்டு. 2001-ல் இவர்களுக்காக 'ஏவன்' அமைப்பைத் தொடங்கிய அமெரிக்கர் டேவிட் ஜே, பின்னாளில் ஒரு தம்பதியுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவில் குழந்தை வளர்க்கத் தொடங்கினார். சட்டப்படி அவர் அக்குழந்தையின் மூன்றாவது பெற்றோர்.

நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தால், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்ற பதில் தயாராக இருக்கும். அந்த வாக்குறுதிக்கு விலை கொடுப்பவர்கள் இருவர். உடல்குறையோ தக்க காரணமோ இல்லாமல் நெடுங்காலம் உடலுறவை மறுப்பது மனரீதியான கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007-ல் சமர் கோஷ் வழக்கில் கூறியது. ஈர்ப்பே வராத ஒரு பெண்ணை வற்புறுத்தி மணமேடை ஏற்றினால், நாளை நீதிமன்றத்தில் கொடுமைக்காரியாக நிற்க நேர்வது அவள்தான். விவரம் தெரியாமலே தாலி கட்டியவன், தன்னிடம் என்ன குறை என்று பல ஆண்டுகள் தன்னையே நொந்துகொள்வான். சமாதானம் சொன்ன உறவினர்கள் யாரும் அந்த வழக்கில் பிரதிவாதிகளாகச் சேர்க்கப்படுவதில்லை.