ரிவர்ஸ் சென்சார் ஏன் வீணாகக் கத்துகிறது?

பின்னால் யாருமில்லை, ரிவர்ஸ் கியர் போட்டதும் ஒரே கூச்சல். ஏன்? பம்பரில் உள்ள காசளவு சென்சார் சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைத் தூரமாகக் கணக்கிடுகிறது. ஒரு மீட்டர் போய்வர ஏறக்குறைய 6 மில்லிநொடி. முகப்பில் சேறு ஒட்டினால் அதையே சுவராக எண்ணிவிடும். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். பல நேரம் அதோடு சரி.

அப்புறமும் கத்துகிறதா? இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸில் வையுங்கள். ஒவ்வொரு சென்சாரையும் விரலால் தொடுங்கள். நல்லது டிக் டிக்கென மெல்ல அதிரும். அதிராததைப் பக்கத்துச் சென்சாரோடு இடம் மாற்றுங்கள், இரண்டும் ஒரே ரகமானால். கோளாறும் கூடவே போனால் சென்சார் போச்சு. பழைய இடத்திலேயே நின்றால் ஒயரைப் பாருங்கள். கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கலாம். புதிய சென்சார் மாட்டினால் அதற்குத் தடிமனாகப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள், அதிர்வு அமுங்கிவிடும்.